குற்றப் பதிவு உள்ளவரை வேலைக்கு எடுக்கலாமா? முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிறுவனமே, "முன்பு தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று டிக் போட்டவரின் விண்ணப்பத்தைப் படிக்காமல் ஒதுக்கியும் வைக்கிறது. அப்படி ஒதுக்குவதில் நிறுவனத்துக்கு என்ன நட்டம், ஒதுக்காமல் விட்டால் என்ன லாபம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். சமூக சேவை பற்றிய பக்கம் அல்ல இது. ஆய்வுகளும் சட்ட உதாரணங்களும் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டனிலிருந்து வருகின்றன, ஏனென்றால் இந்த விஷயத்தை அதிகம் அளந்து பார்த்தது அங்கேதான். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குற்றப் பதிவு என்றால் சிறைக்குப் போய் வந்தவர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலான தவறான முடிவுகள் தொடங்குவதே இங்கேதான்.

கைது செய்யப்பட்டு வழக்கே பதிவாகாதவர் இருக்கிறார். வழக்கு நடந்து விடுதலையானவர் இருக்கிறார். அபராதம் கட்டியதோடு முடிந்தவர், சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர், சிறைத் தண்டனை முடித்து வந்தவர் என்று வரிசை நீள்கிறது. பின்னணி சோதனை அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கைது என்பது போலீஸ் சந்தேகப்பட்டதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவர் குற்றம் செய்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கைதானதை மட்டும் காரணம் காட்டி ஒருவரை நிராகரிப்பதை ஏற்கவில்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். கைதுகளையும் சேர்த்தால், அமெரிக்காவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு பதிவு இருக்கிறது. பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. "பதிவு உள்ள யாரும் வேண்டாம்" என்று ஒரு நிறுவனம் விதி போட்டால், வேலைக்கு வரக்கூடியவர்களில் எவ்வளவு பெரிய பகுதியை ஒரே வரியில் வெட்டி எறிகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு நேரடியாக என்ன லாபம்?

முதல் லாபம், தேர்ந்தெடுக்க ஆட்கள் அதிகமாகக் கிடைப்பது. ஒரு இடத்துக்கு எட்டுப் பேர் வந்தால் ஒரு மாதிரி எடுப்பீர்கள், இருபது பேர் வந்தால் வேறு மாதிரி எடுப்பீர்கள். மற்ற நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிறவர்களுக்குள் வெல்டிங் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், பத்து வருடம் லாரி ஓட்டியவர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் போட்டி போட வேறு நிறுவனங்கள் வருவதில்லை.

இரண்டாவது லாபம், சேர்ந்தவர்கள் நிற்பது. என் பார்வையில் இதுதான் பெரியது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கிடங்கு, தொழிற்சாலை, கால் சென்டர், உணவு தயாரிப்பு போன்ற வேலைகளில் செலவு சம்பளத்தோடு முடிவதில்லை. விளம்பரம், நேர்காணல், பயிற்சி, புதியவர் வேகம் பிடிக்கும் வரை ஆகும் வீண், அதுவரை அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பழைய ஊழியரின் எரிச்சல் என்று அது போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் கிளம்பிவிடும் "சுத்தமான" ஆளைவிட, இரண்டு வருடம் நிற்கும் ஆள் மலிவு என்பது கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசு தரும் வரிச் சலுகை போன்றவையும் உண்டு. அவற்றைக் கடைசியில்தான் வைப்பேன். சலுகைக்காக ஆள் எடுத்தவர், சலுகைக் காலம் முடிந்ததும் ஆளை மறந்துவிடுகிறார்.

அதிக நாள் நிற்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது நல்லெண்ணப் பேச்சா?

உண்டு. ஆனால் அதில் நல்லது மட்டும் இல்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் டிலன் மைனர், நிக்கோலா பெர்சிகோ, டெபோரா வைஸ் ஆகிய மூவர் கால் சென்டர் ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். குற்றப் பதிவு உள்ளவர்கள் தாங்களாக வேலையை விட்டுப் போவது குறைவு, அதிக காலம் நிற்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. வெளியே போனால் இன்னொரு வேலை எளிதில் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள் நடத்தைக் கோளாறுக்காக நீக்கப்படுவது கொஞ்சம் அதிகம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் அப்படி இல்லை. ஆக, எந்த வேலையில் வைக்கிறோம் என்பது முக்கியம்.

இன்னொரு ஆய்வு அமெரிக்க ராணுவத்தைப் பற்றியது. 2002 முதல் 2009 வரை சேர்ந்தவர்களின் விவரங்களை ஜெனிபர் லண்ட்குவிஸ்ட், டேவா பேஜர், எய்கோ ஸ்ட்ரேடர் ஆராய்ந்தார்கள். கடுமையான குற்றப் பதிவு இருந்தும் சிறப்பு அனுமதியோடு சேர்க்கப்பட்டவர்கள், பதிவே இல்லாதவர்களைவிட வேகமாகவும் உயர்ந்த நிலைக்கும் பதவி உயர்வு பெற்றிருந்தார்கள். இதைச் சொல்லும் பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு: ராணுவம் கையில் கிடைத்தவரை எல்லாம் எடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பரிந்துரைக் கடிதங்கள் உட்பட முழுதாகப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தது. அந்தப் பலன் வேண்டுமென்றால் அந்த உழைப்பையும் போட வேண்டும்.

மறுபடி குற்றம் செய்துவிட்டால்?

நியாயமான பயம்தான். "எல்லோரும் திருந்திவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் ஓரிரு வருடங்களில் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாட்டுப் புள்ளிவிவரங்களும் காட்டுகின்றன.

ஆனால் அந்த வாய்ப்பு அப்படியே நிற்பதில்லை. வருடம் போகப் போக இறங்குகிறது. ஆல்பிரட் புளும்ஸ்டீனும் கிமினோரி நகமுராவும் 2009-ல் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: ஒருவர் எத்தனை வருடம் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள சாதாரண ஆளின் அளவுக்கு இறங்கும்? 1980-ல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறை கைதானவர்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதானவருக்கு 7.7 ஆண்டு. கடுமையான தாக்குதலுக்கு 4.3 ஆண்டு. வீடு புகுந்து திருடியதற்கு 3.8 ஆண்டு.

இதை வேலைக்கு எடுக்கும் மொழியில் சொன்னால், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வழக்கைப் பார்த்து ஒருவரை நிராகரிப்பவர் இல்லாத ஆபத்தைத் தவிர்க்கிறார். போன மாதம் வெளியே வந்தவர் விஷயத்தில் ஆபத்து உண்மைதான், அங்கே கவனம் தேவை. இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் போடச் சொல்லும் விண்ணப்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நியூசிலாந்து 2004-ல் கொண்டுவந்த சட்டம் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. சிறைத் தண்டனை பெறாதவர், 7 ஆண்டுகள் வேறு தண்டனை இல்லாமல் இருந்து மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், பழைய பதிவைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 1974-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. தண்டனையைப் பொறுத்து ஒரு காலம் கடந்ததும், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும்.

நானும் மற்றவர்களைப் போல ஒதுக்கிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது?

சில நாடுகளில் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதைவிட, ஒதுக்கும்போது நாம் உண்மையில் எதை ஒதுக்குகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. டேவா பேஜர் 2003-ல் வெளியிட்ட பரிசோதனையைப் பாருங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில், ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதம் பேரை மறுபடி அழைத்தார்கள், பதிவு இருப்பதாகச் சொன்ன வெள்ளையரில் 17 சதவீதம். கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவருக்கே 14 சதவீதம்தான், பதிவு இருந்தால் 5. அதாவது பதிவே இல்லாத கறுப்பின இளைஞரைவிட, பதிவு உள்ள வெள்ளையருக்கு அழைப்பு அதிகம் வந்தது. "நாங்கள் ஆபத்தைத்தான் பார்க்கிறோம்" என்று அந்த முதலாளிகள் நினைத்திருக்கலாம். எண்கள் வேறு சொல்கின்றன.

விண்ணப்பத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

என் கருத்து: வேண்டாம். முதலில் ஆளைப் பாருங்கள், வேலைக்குப் பொருத்தமா என்று முடிவு செய்யுங்கள், வேலை தருவதாகச் சொல்லும் கட்டத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து இப்படிச் சட்டம் போட்டது. அப்புறம் பல மாநிலங்களும் நகரங்களும் தொடர்ந்தன. மத்திய அரசு வேலைகளுக்கும் அரசு ஒப்பந்தக்காரர்களுக்கும் 2019-ல் சட்டமாகி, 2021 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

ஆனால் விண்ணப்பத்திலிருந்து அந்த டிக் கட்டத்தை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. அமந்தா ஆகன், சோன்யா ஸ்டார் இருவரும் நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் ஏறத்தாழ 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். கட்டம் இருந்தபோது வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே அழைப்பில் 7 சதவீதமாக இருந்த இடைவெளி, கட்டத்தை எடுத்த பிறகு 43 சதவீதமாக விரிந்தது. தகவல் இல்லாத இடத்தில் முதலாளிகள் ஊகத்தை நிரப்பிக்கொண்டார்கள். ஆகவே கேள்வியைத் தள்ளிப்போடுவதோடு, நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதற்கும் எழுதிவைத்த அளவுகோல் இருக்க வேண்டும். எச்.ஆர். மனதில் தோன்றுவதை அளவுகோலாக விடக்கூடாது.

பதிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

மூன்று விஷயங்கள்: குற்றம் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் ஆகிறது, அதற்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம். 1970-களில் ஒரு ரயில்வே நிறுவனத்துக்கு எதிரான அமெரிக்க வழக்கிலிருந்து வந்த அளவுகோல் இது. முன்பு சொன்ன சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதலும் இதையே எடுத்துக்கொண்டது. எந்த நாட்டிலும் பயன்படும்.

மூன்றில் சம்பந்தம்தான் பலர் தவறவிடுவது. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரை டெலிவரி வேனில் வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம். அதே ஆளைத் தறி மெஷினில் வைக்க என்ன தடை? நிதி மோசடி செய்தவரை கணக்குப் பிரிவில் உடனே வைக்க மாட்டீர்கள். சமையலறையிலோ மென்பொருள் சோதனையிலோ வைப்பதற்கு அந்த மோசடி எப்படித் தடையாகும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் எழுத முடியாவிட்டால் அந்தக் காரணம் நிற்காது.

முடிவெடுக்கும் முன் அவரிடம் பேசுங்கள். "என்ன நடந்தது, அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று நேராகக் கேட்டால் போதும். அதற்கப்புறம் என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறையில் படித்தாரா, பயிற்சி முடித்தாரா, குடியை விட்டாரா, வெளியே வந்து எங்காவது தொடர்ந்து வேலை பார்த்தாரா, அவருக்காகப் பேச ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். குற்றத்தின் விவரங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்பது நேர்காணல் ஆகாது. அவரைக் கூனிக் குறுக வைப்பதைத் தவிர அதனால் பலனும் இல்லை.

அறிக்கையில் தவறு இருக்கும் வாய்ப்பையும் மறக்க வேண்டாம். ஒரே பெயர், ஒரே பிறந்த நாள் உள்ள வேறொருவரின் வழக்கு வந்து ஒட்டிக்கொள்வதும், விடுதலையான வழக்கு நிலுவையில் இருப்பது போலத் தெரிவதும் நடக்கிறது. அதனால்தான் அமெரிக்கச் சட்டப்படி, வெளி நிறுவனத்திடம் வாங்கிய அறிக்கையை வைத்து நிராகரிக்கும் முன் அதன் நகலை விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்வது நல்லது.

பதிவை மறைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தால்?

முதலில், சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்ததா என்று பாருங்கள். காலாவதியான பதிவைச் சொல்லாமல் இருக்க சட்டமே இடம் கொடுக்கும் நாடுகளில், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதும் முக்கியம். "தண்டனை உண்டா?" என்று கேட்டதற்கு, கைதாகி விடுதலையானவர் "இல்லை" என்றால் அது உண்மையான பதில். கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால், வேறு எந்தப் பொய்த் தகவலுக்கும் என்ன நடவடிக்கையோ அதையே எடுக்கலாம்.

பணம், கிடங்குச் சாவி எல்லாம் கொடுக்க வேண்டிய வேலை. திருட்டு நடந்தால் யார் ஈடுகட்டுவது?

பதிவு இல்லாத ஊழியரிடமிருந்து உங்களைக் காக்கும் அதே ஏற்பாடுகள்தான் இங்கும் வேலை செய்யும். ரசீதில் இரண்டு கையெழுத்து, தினசரி ரொக்கக் கணக்கு, திடீர் சரக்கு எண்ணிக்கை. இவை இல்லாத நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் திருடலாம். பின்னணி சோதனையில் தேறியவர்களும் திருடுகிறார்கள்.

காப்பீடும் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறை 1966-ல் தொடங்கிய மத்தியப் பிணைத் திட்டத்தில், இப்படிப்பட்ட ஊழியரின் முதல் 6 மாதத்துக்கு நேர்மைப் பிணை (ஊழியர் நேர்மை தவறினால் முதலாளிக்கு ஈடு தரும் காப்பீடு) இலவசமாகக் கிடைக்கிறது. தொகை 5,000 டாலரில் தொடங்கும். திருட்டு, கையாடல், போலிக் கையெழுத்து போன்றவற்றுக்கு ஈடு தரும். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கோ வேலையிடத்தில் அடிபடுவதற்கோ தராது.

முதலாளிகளின் மனத்தடை எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஸோயி கல்லன், வில் டாபி, மிட்செல் ஹாப்மன் மூவரும், தற்காலிக ஆட்களை அனுப்பும் ஒரு தளத்தில் பரிசோதனை நடத்தினார்கள். ஆரம்பத்தில் 39 சதவீத நிறுவனங்களே பதிவு உள்ளவர்களை ஏற்கத் தயார் என்றன. நட்டத்துக்குக் காப்பீடு உண்டு என்றோ, அவருடைய முந்தைய வேலைக்கு நல்ல மதிப்பீடு இருக்கிறது என்றோ சொன்னதும் அந்த எண்ணிக்கை நன்றாக ஏறியது. உங்களுக்கும் தயக்கம் இருந்தால் இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.

வரிச் சலுகை எவ்வளவு?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வேலை வாய்ப்பு வரிச் சலுகை என்ற திட்டத்தில், கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றோ சிறையிலிருந்து வெளியே வந்தோ ஒரு வருடத்துக்குள் வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு, முதல் வருடச் சம்பளத்தில் 6,000 டாலர் வரை கணக்கில் எடுத்தார்கள். அவர் 400 மணி நேரமாவது வேலை செய்திருந்தால் 40 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,400 டாலர். 120 மணி நேரத்துக்கு மேல் 400-க்குள் என்றால் 25 சதவீதம். அவர் வேலையைத் தொடங்கிய 28 நாளுக்குள் படிவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. சலுகையைத் தவறவிட்ட நிறுவனங்கள் பல இந்தத் தேதியில்தான் தவறவிட்டன. இந்தத் திட்டம் நிரந்தரம் அல்ல, அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. 2025 டிசம்பர் 31 வரை சேர்ந்தவர்களுக்கு என்று நீட்டித்திருந்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி நீட்டித்தார்களா, ஆள் எடுக்கும் நேரத்தில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு வேலை கிடைக்காதவர்தானே, சம்பளத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன முக்கிய லாபமே அவர் நிற்பதுதான். அதைக் காசு பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம்.

யாராவது இதைச் செய்து காட்டியிருக்கிறார்களா?

நியூயார்க் மாநிலத்தில் யாங்கர்ஸ் நகரத்தில் கிரேஸ்டன் பேக்கரி என்று ஒன்று இருக்கிறது. ஜென் ஆசிரியரான பெர்னி கிளாஸ்மன் 1982-ல் தொடங்கியது. அங்கே உற்பத்தி வேலைக்கு நேர்காணல் கிடையாது, ரெஸ்யூம் கிடையாது, பின்னணி சோதனையும் கிடையாது. பட்டியலில் பெயர் எழுத வேண்டும், முறை வரும்போது வேலை. சேர்ந்த பிறகு பயிற்சிக் காலத்தில் நேரத்துக்கு வந்து வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்பதுதான் தேர்வு. பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமில் போடும் பிரவுனி பல வருடங்களாக இங்கிருந்துதான் போகிறது. பெரிய வாடிக்கையாளருக்குத் தொழிற்சாலைத் தரத்தில் சரக்குக் கொடுக்க முடிகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

பிரிட்டனில் செருப்புத் தைப்பது, சாவி வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் டிம்ப்சன் கடைகள் நாடு முழுக்க இருக்கின்றன. ஊழியர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத் தண்டனை முடித்து வந்தவர்கள். சிறைக்குள்ளேயே பயிற்சிக் கூடம் வைத்து, ஆளைப் பார்த்து, வெளியே வரும்போது வேலையோடு வர வைக்கிறார்கள். கடையில் பணப்பெட்டியையும் அவர்கள் கையில் கொடுக்கிறார்கள். இதை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சன் 2024 ஜூலையில் அந்த நாட்டின் சிறைத்துறை அமைச்சராக நியமிக்கப்பட்டார்.

லாஸ் ஏஞ்சலஸில் கிரெகரி பாயல் என்ற பாதிரியார் 1988-ல் தொடங்கிய ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அது வேலையோடு மனநல ஆலோசனை, பச்சை குத்தியதை நீக்குவது, சட்ட உதவி எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம். லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் அதை அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட அமைப்புகளிடமிருந்து தயாரான ஆட்களை எடுத்துக்கொள்ளலாம், சிறிய நிறுவனங்களுக்கு அது நல்ல வழி.

முதல் சில மாதங்களில் என்ன பிரச்சினை வரும்?

முதலாளிகள் எதிர்பார்ப்பது சண்டை, திருட்டு. உண்மையில் வருவது பேப்பர் பிரச்சினை. அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும். வங்கிக் கணக்கு இருக்காது, சம்பளம் போட வழி தெரியாது. ஓட்டுநர் உரிமம் இருக்காது, கடைசிப் பேருந்து ஷிஃப்ட் முடியும் முன்பே போய்விடும். நன்னடத்தை அதிகாரியைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் பரோல் (நிபந்தனையோடு கிடைத்த விடுதலை) ரத்தாகலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் சொல்லாமலே லீவு போடுவார். மேற்பார்வையாளர் "பார், ஆரம்பித்துவிட்டான்" என்பார்.

சேர்ந்த முதல் நாளே "உங்களுக்கு எந்தெந்த நாளில் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டு ஷிஃப்ட் அட்டவணையில் ஏற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பணமோ வாரச் சம்பளமோ கொடுக்க முடிந்தால் கொடுங்கள். பல வருடம் உள்ளே இருந்தவருக்குச் செயலியில் வருகைப் பதிவு செய்வது புதிதாக இருக்கும், பக்கத்தில் நின்று ஒரு தடவை காட்டிக் கொடுங்கள். இவ்வளவுதான் பெரும்பாலும் தேவைப்படுகிறது. விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்த வேண்டாம். தாமதமாக வந்தால் மற்றவருக்கு என்ன எச்சரிக்கையோ அதே எச்சரிக்கை.

இவரால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் நிறுவனத்தின் மீது வழக்கு வருமா?

வரலாம். கவனக்குறைவாக ஆள் எடுத்ததாக வழக்குத் தொடர பல நாட்டுச் சட்டங்களில் இடம் இருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது, நியாயமான அளவு விசாரித்தீர்களா, தெரிந்த ஆபத்தை அலட்சியம் செய்தீர்களா என்பதை. பதிவு உள்ளவரை எடுத்ததே கவனக்குறைவு ஆகிவிடாது. குற்றத்தின் தன்மை, காலம், வேலையோடு சம்பந்தம், அவர் சொன்ன விளக்கம், சரிபார்த்த பரிந்துரை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்திருந்தால், அதுதான் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. நியூயார்க் மாநிலச் சட்டம் இப்படிப் பார்க்க வேண்டிய 8 அம்சங்களைப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறது.

எந்த வேலைக்கும் எடுக்கலாமா?

இல்லை. குழந்தைகள், முதியோர், தனியாகத் தங்களைக் காத்துக்கொள்ள முடியாதவர்கள் தொடர்பான வேலைகளில் சில குற்றங்களுக்குச் சட்டமே தடை விதிக்கும். வங்கி, காவல், மருந்து போன்ற துறைகளிலும் தனி விதிகள் உண்டு. பிரிட்டனில் காலாவதியான பதிவுகூட இத்தகைய வேலைகளுக்கான விரிவான சோதனையில் தெரிய வரலாம். இங்கே தாராளம் காட்ட இடமில்லை.

மற்ற ஊழியர்களிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். அது அவருடைய தனிப்பட்ட விவரம், பல நாடுகளில் சட்டப்படியும் அப்படித்தான். முடிவெடுத்தவரும் எச்.ஆரும் அறிந்தால் போதும். நேரடி மேற்பார்வையாளருக்கு ஷிஃப்ட் காரணமாகச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த ஊழியரிடம் கேட்டுவிட்டு, தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். அவராகச் சொல்ல விரும்பினால் அது அவர் விருப்பம். நிறுவனத்தின் பெருமைக்காக அவர் படத்தையும் கதையையும் விளம்பரத்தில் போடுவது, அவர் சம்மதித்தாலும், எனக்கு உவப்பில்லை. புதிதாகச் சேர்ந்தவர் முதலாளியிடம் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்?

எங்கிருந்து ஆள் தேடுவது, எத்தனை பேரோடு தொடங்குவது?

சிறைத்துறையின் தொழிற்பயிற்சிப் பிரிவு, நன்னடத்தை அலுவலகம், விடுதலையானவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், அரசு வேலைவாய்ப்பு மையம் ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கலாம். ஆளை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவாமல், சில மாதம் தொடர்பில் இருக்கும் அமைப்பாகப் பாருங்கள். பிரச்சினை வந்தால் போன் செய்ய ஒரு பெயர் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒருவரை மட்டும் எடுத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் சரியாக வரவில்லை என்றால் "இவர்களே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பதிவு இல்லாத ஒருவர் முதல் வாரமே ஓடிவிட்டால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நிறுவனத்தின் அளவு இடம் கொடுத்தால் மூன்று நான்கு பேரை எடுங்கள். ஒரு வருடம் கழித்து அதே வேலையில் சேர்ந்த மற்றவர்களோடு நான்கு கணக்கைப் பாருங்கள்: எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை நாள் வரவில்லை, எத்தனை எச்சரிக்கை, வேலையின் தரம் எப்படி. தொடர்வதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.